ஆனைமுடி இருக்கும் திசை

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கு இப்போது பதினாறு வயது. கல்யாணப் பேச்சைக்கூட இன்னும் யாரும் எடுக்கவில்லை. ஆனாலும் உனக்கு இந்தக் கடிதத்தை இப்போதே எழுத வேண்டியிருக்கிறது. பெரியவர்கள் ஆனதும், சின்னப் பிள்ளையாக இருந்தபோது மனசில் பட்டதெல்லாம் மறந்துபோகிறது என்பதை நான் கவனித்திருக்கிறேன். என் அத்தை சின்ன வயதில் இருட்டைக் கண்டால் அப்படிப் பயப்படுவாளாம். இன்று என்னைப் பார்த்து, இருட்டில் என்ன இருக்கிறது என்று அதட்டுகிறாள். நானும் ஒருநாள் அப்படித்தான் ஆவேன். அதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன். நீ மகனா மகளா என்று தெரியாது. நீ வளர்ந்து, என் இப்போதைய வயதைத் தாண்டி, ஏதோ ஓர் ஊருக்குப் பெட்டியைக் கட்டுகிற நாளில் இதை உன் கையில் கொடுப்பதாக எண்ணம். அன்றைக்கு நான் ஒரு பெரிய அம்மாவாக என்னென்ன புத்தி சொன்னாலும், இந்தப் பதினாறு வயதுக்காரி சொல்வதையும் கூடச் சேர்த்துக் கேட்டுக்கொள்.

உனக்கு எழுத நான் வைத்திருந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். 'படிப்புக்காக உன்னை நான் ஒருநாளும் வேறு ஊருக்கு அனுப்ப மாட்டேன்.' பத்து வயதில், மலையிலிருந்து அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு இறங்கியபோது இதை மனசுக்குள் சத்தியமாகச் செய்தேன். அன்றிலிருந்து அது எனக்குள் தயாராகவே இருந்தது, எழுதவேண்டியதுதான் பாக்கி. ஆனால் இந்த மே மாதம் ஒன்று நடந்தது. இப்போது அந்த ஒரு வாக்கியத்தை எழுதப் பேனாவை எடுத்தால் கை நின்றுவிடுகிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்த நீளமான கடிதம்.

நான் பிறந்தது மூணாறுப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அம்மா கொழுந்து எடுப்பாள், அப்பா செடி கவாத்து செய்வார். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் எங்களுடையது கடைசி. கதவைத் திறந்தால் மேற்கே, அடுக்கடுக்கான மலைகளுக்குப் பின்னால், எல்லாவற்றுக்கும் மேலே ஆனைமுடி தெரியும். யானையின் நெற்றி மாதிரி புடைத்துச் சாம்பல் நிறமாக இருக்கும். அது எட்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தோரு அடி உயரம் என்றும், இமயமலைக்குத் தெற்கே இந்தத் தேசத்தில் அதைவிட உயரமான சிகரம் இல்லை என்றும் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்போது எங்களுக்கு அது மழை சொல்லும் மலை. உச்சியில் மேகம் படிந்தால் 'ஆனை துண்டு போட்டிருச்சு' என்பார்கள். அம்மா உடனே கொடியிலிருந்து கறுப்புக் கம்பளியை எடுத்துத் தலைக்கு மேல் மடித்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள். துண்டு போட்ட ஆனை ஒருநாளும் பொய் சொன்னதில்லை. வேலைக்குப் போகும் முன் எனக்கும் ஒரு சின்னக் கம்பளியைப் போர்த்திவிட்டுத்தான் அவள் படியிறங்குவாள்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் கிடையாது. ஐந்தை முடித்த பிள்ளைகள் வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். வயது வந்ததும் கங்காணியிடம் பேர் பதிந்து வேலைக்குப் போவார்கள். கங்காணி என்றால் ஆட்களை வேலைக்கு ஏவி மேய்ப்பவர். தினமும் விடிந்ததும் எல்லாரையும் நிறுத்திப் பேர் கூப்பிடுவார், அதற்குப் பிரட்டு என்று பெயர். எனக்கும் அந்த வழிதான் என்று நினைத்திருந்தேன். ஆனால் அம்மா ஒருநாள், அப்பாவின் தங்கை திண்டுக்கல்லில் இருக்கிறாள், இவள் அங்கே போய்ப் படிக்கட்டும் என்றாள். அப்பா மறுக்கவில்லை. நான் அழுதேன். அம்மா அழவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கிளம்பும் நாளில் அவள் கொழுந்துக்குப் போய்விட்டாள். ஒருநாள் லீவு போடக்கூட அவளுக்கு மனசில்லை என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். அவள் நின்றிருந்த மலைச்சரிவைக் கடந்துதான் எங்கள் ஒற்றையடிப் பாதை போனது. தலையை நிமிர்த்தாமல் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். உனக்கு இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உன்னை அனுப்பும்போது நான் ஒருவேளை எதையாவது வேலையாகச் செய்துகொண்டு, உன்னைப் பார்க்காமல் நின்றால், நீ அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

குரங்கணி வரை நடந்தோம். பிறகு போடி, அங்கிருந்து பஸ். தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு என்று பஸ் திரும்பித் திரும்பிப் போனது. நான் அப்பாவின் மடியில் தலைவைத்து அழுது, அப்படியே தூங்கிப்போனேன். திண்டுக்கல்லில் இறங்கும்போது இருட்டிவிட்டது. காலையில் கண்விழித்தபோது அப்பா அதிகாலை பஸ்ஸில் போய்விட்டிருந்தார். அத்தை வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. மொட்டைமாடிக்கு ஓடினேன். தூரத்தில் நீலமாக, நீளமாக ஒரு மலை தெரிந்தது. அத்தை குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்கு ஓடும் அவசரத்தில் இருந்தாள். அந்த ஊரில் தண்ணீருக்கு முந்தாவிட்டால் அன்றைய பாடு அவ்வளவுதான். "அத்தே, அதுதான் அம்மா இருக்குற மலையா?" என்று மேலிருந்து கேட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஆமா, அதான். போயிப் பல்ல வெளக்கு" என்றாள்.

அவள் பேரில் குற்றமில்லை. ஆனால் அந்த 'ஆமா'வை வைத்துக்கொண்டு நான் இரண்டு வருஷம் வாழ்ந்தேன். அந்த இரண்டு வருஷமும் லீவுக்குக்கூட நான் மலையேறவில்லை. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடியேறி அந்த மலையைப் பார்த்து அம்மாவிடம் பேசுவேன். இன்று டீச்சர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், மத்தியானம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்ன, எல்லாம். இங்கிருந்து பார்க்கும்போது யானை நெற்றி தெரியவில்லையே என்று முதலில் சந்தேகம் வந்தது. ஆனை இப்போது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது என்று எனக்கு நானே விடை சொல்லிக்கொண்டேன். ஒருநாள் காலையில் அந்த மலைமேல் மேகம் படிந்திருந்தது. ஆனை துண்டு போட்டுவிட்டது என்று கம்பளியைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். திண்டுக்கல் வெயில் உனக்குத் தெரியாது. தரை சுட்டது, தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை காற்றில் வந்தது, ஒரு சொட்டு மழை இல்லை. அன்றிலிருந்து வகுப்பில் என் பெயர் கம்பளி. என் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அந்த ஊரில் அத்தையையும் வருகைப் பதிவேட்டையும் தவிர யாரும் இல்லை. கேலி செய்தால் சண்டை போடு, அல்லது கூடச் சேர்ந்து சிரித்துவிடு என்று உனக்கு நான் புத்தி சொல்வேனாயிருக்கும். எனக்கு இரண்டுமே வரவில்லை. நான் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்படித்தான் எனக்குப் படிக்கும் பழக்கம் வந்தது.

மாமாவுக்குப் பழ மண்டியில் வேலை. அந்த மலையிலிருந்து குதிரைகளின் முதுகில் வாழைத்தார்கள் வரும். எங்கள் தோட்டத்தில் நான் ஒரு வாழை மரத்தையும் பார்த்ததில்லை. மலைக்கு இந்தப் பக்கம் வாழை இருக்கும், மறுபக்கம் எங்கள் தேயிலை என்று அதற்கும் ஒரு விடை கண்டுபிடித்தேன். குதிரைக்காரர் ஒருவர் மாமாவோடு பேசிக்கொண்டு வீட்டு வாசல் வரை வருவார். மலையிலிருந்து வருகிறவர் என்றதும் எனக்குத் தெய்வம் மாதிரி ஆகிவிட்டார். மேலே எங்கள் அம்மாவைப் பார்த்தால் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். அவர் என்னைச் செத்த நேரம் பார்த்தார். பிறகு, "சொல்லிர்றேன் தாயி" என்றார். அடுத்த முறை வந்தபோது நான் கேட்பதற்கு முன்பே பதில் சொன்னார். "சொன்னேன் தாயி. நல்லாச் சாப்புடச் சொன்னாக. தலைக்கு எண்ண வைக்காமத் திரியிறியாம்ல?" எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் தலைக்கு எண்ணெய் வைக்காதது அவ்வளவு உயரத்திலிருந்து அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றே ஒரு கை எண்ணெயை வைத்துத் தேய்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் வரும்போதெல்லாம் சேதி கொடுப்பேன், பதில் வாங்குவேன். காய்ச்சலென்று சொல்லி அனுப்பினால் சுக்குத் தட்டிப் போட்டுக் குடிக்கச் சொல்லிப் பதில் வரும். அப்பா எழுதும் கார்டில் 'எல்லாரும் சுகம்' என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. குதிரைக்காரர் கொண்டுவந்த வார்த்தைகளில்தான் அம்மா இருந்தாள்.

ஏழாம் வகுப்பில் பூகோள டீச்சர் தென்னிந்தியப் படத்தைச் சுவரில் மாட்டினார். மிக உயர்ந்த சிகரம் எது என்று கேட்டதும் நான் எழுந்து சொன்னேன். அதோடு நிற்காமல், அது எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரியும், என் அம்மா அதில்தான் இருக்கிறார் என்றும் சொன்னேன். டீச்சர் குச்சியை என்னிடம் கொடுத்துக் காட்டச் சொன்னார். எழுத்துக்கூட்டித் தேடினேன். திண்டுக்கல் ஓரிடத்தில் இருந்தது. ஆனைமுடி எங்கோ மேற்கே, கொஞ்சம் தெற்காக, பழனிமலைத் தொடர் முழுவதையும் தாண்டி அந்தப் பக்கம் இருந்தது. நடுவில் டீச்சர் சிவப்பு மையால் புது ராஜ்ய எல்லையை வரைந்திருந்தார். அது பழைய படம். நான் மலையிறங்கிய வருஷத்தில்தான் ராஜ்யங்களைப் பாஷைப்படி பிரித்துக் கேரளம் என்று ஒன்றை ஆக்கினார்கள். எங்கள் தோட்டம் அதற்கு முன்னும் திருவிதாங்கூர்தான் என்றாலும், லயத்தில் எல்லாரும் தமிழ் பேசியதால் எல்லை எங்கே என்று நான் யோசித்ததே இல்லை. இப்போது அம்மா சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். மாடியிலிருந்து தெரியும் மலை எது என்று டீச்சர் விசாரித்தார். எந்தப் பக்கம் வெயில் ஏறும், எந்தப் பக்கம் சாயும் என்று கேட்டுவிட்டு, அது ஊருக்குத் தெற்கே இருக்கும் சிறுமலை என்றார். பின்னாலிருந்து ஒருத்தி, "சிறுமலையத் தூக்கிட்டுப் போயி மலையாளத்துல வச்சுட்டாடி கம்பளி" என்றாள். வகுப்பே சிரித்தது. டீச்சரும் உதட்டைக் கடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

நான் சிரிப்புக்காக அழவில்லை. இரண்டு வருஷம் நான் பேசியதெல்லாம் அம்மா இல்லாத பக்கம் போயிருக்கிறதே என்றுதான் அழுகை வந்தது. இன்னொன்றும் இருந்தது. அந்த வாரம் குதிரைக்காரர் வந்ததும் வழிமறித்து, நீங்கள் எந்த மலையிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டேன். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கடிவாளத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "பொய் சொல்லல தாயி. ஒங்கம்மா எங்க இருக்காகன்னு எனக்கென்ன தெரியும்? எங்க வீட்டம்மாகிட்டதான் சொல்லுவேன், இப்பிடி ஒரு பிள்ள கேக்குதுன்னு. அவ சொல்றதத்தான் ஒனக்கு வந்து சொன்னேன். அவளும் அம்மாதான?" என்றார். நான் உள்ளே போய்விட்டேன். அதன்பிறகு அவரிடம் சேதி கொடுக்கவில்லை. சிறுமலையில் முகம் தெரியாத ஒருத்தி, ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து யோசித்து எனக்குப் பதில் சொல்லியிருக்கிறாள் என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போதுதான் கொஞ்சம் தெரிகிறது.

பிறகு நான் மாடியில் இடம் மாறி, மேற்கே பார்த்து உட்காரத் தொடங்கினேன். அங்கே பழனிமலைத் தொடர் சுவர் மாதிரி நீண்டு கிடக்கும். கொடைக்கானல் அதன் தலைமேல் இருக்கிறது. அதற்குப் பின்னால் எங்கோ ஆனைமுடி. தெரியாது. நகராட்சி நூல்நிலையத்தில் அந்த மலையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஆனைமலை, பழனிமலை, ஏலமலை மூன்றும் வந்து கூடுகிற முடிச்சு அது. உச்சிப் புல்வெளியில் வரையாடுகள் மேயும். ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி உச்சிக்கு ஏறினார் என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. அவருக்கு முன்பே அங்கே நடமாடிய மலைவாசிகள் ஏறினார்களா என்று அதில் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அந்தச் சரிவெல்லாம் குறிஞ்சி பூக்கும். நான் திண்டுக்கல்லில் இருந்தபோது ஒருமுறை பூத்து முடிந்தது. அடுத்த முறை பூக்கும்போது நீ ஒருவேளை என் இடுப்பில் இருப்பாய். இப்படிப் படித்துப் படித்துப் பூகோளத்தில் நான்தான் முதல் என்று ஆனது. அம்மா எந்தத் திசையில் இருக்கிறாள் என்று கண்டுபிடிக்கப் போய் வந்த முதல் மார்க்கு அது.

இந்த வருஷம் பதினோராம் வகுப்புப் பரீட்சை முடிந்தது. மேலே இரண்டு வழி இருந்தது. ஒன்று, மதுரையில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி. டீச்சரே மனு வாங்கிக் கொடுத்து எழுதிப் போடச் சொன்னார். இன்னொன்று, தோட்டத்தில் பேர் பதிவது. பதிந்துவிட்டால் அம்மாவோடேயே இருக்கலாம். கொழுந்தெடுக்கும் பெண்ணை அந்தத் தோட்டத்திலேயே கட்டிக்கொடுப்பார்கள். லயத்தில் நாலு வீடு தள்ளிப் போவேன், அவ்வளவுதான். எனக்கு எது வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. மே மாதம் மலையேறியபோதே அம்மாவிடம் சொல்லிவிட்டேன், இனிமேல் நான் இறங்கமாட்டேன் என்று. அம்மா முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். மறைக்க அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கே கங்காணியிடம் பேசிவிட்டு வந்தாள். திங்கட்கிழமைப் பிரட்டில் பேர் போடுவதாக அவர் சொன்னாராம். இடுப்பில் கட்டிக்கொள்ளும் சாக்கு ஒன்றை எனக்கென்று துவைத்துக் காயப்போட்டாள். காய்வதற்குள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனாள். தேயிலைக் காட்டைத் தாண்டிப் புல்வெளியில் ஏறிப் போனால் மலை திடீரென்று முடிந்துவிடும். கீழே ஒரே பள்ளம். அதற்கு அப்பால் சமவெளி மங்கலாகக் கிடக்கும். விளிம்பிலிருந்து தள்ளி ஒரு பாறை இருந்தது. அம்மா பழக்கமாக அதன்மேல் கம்பளியை விரித்து உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்தாலே, பல காலமாக அங்கே உட்காருகிறாள் என்று தெரிந்தது. கீழே தூரத்தில் ஓர் ஊரும், அதன்மேல் கொஞ்சம் புகையும் தெரிந்தன.

"அந்தா பொகை தெரியுதுல்ல, அதான் திண்டுக்கல்லு" என்றாள். "ஞாயித்துக்கெழமையானா வந்துருவேன். செத்த நேரம் ஒன்னயப் பாத்துட்டு எறங்குவேன்."

நான் பார்த்தேன். தென்கிழக்கே, மலையடிவாரத்திலேயே இருந்தது அந்த ஊர். எந்த ஊர் என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"அம்மா, அது போடி."

"போடியா? ஒங்கப்பாட்டக் கேட்டேனே, அந்தா தெரியுறதா திண்டுக்கல்லுன்னு. ஆமான்னாரே."

அப்பா அப்போது எந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடிக்கொண்டிருந்தாரோ. அம்மா கொஞ்ச நேரம் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்பத் திண்டுக்கல்லு எங்கிட்டு?" என்றாள். நான் வடகிழக்கே கையை நீட்டினேன். அங்கே சமவெளி இல்லை, ஊர் இல்லை, புகை இல்லை. மேலே மேலே ஏறிப்போகும் மலைதான் இருந்தது. அம்மா எழுந்தாள். கம்பளியை உதறினாள். பாறையில் மறுபடி விரித்து, அவ்வளவு பெரிய சமவெளிக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்க்க உட்கார்ந்தாள்.

"ஒண்ணுந் தெரியலையே."

"அதுக்கு அங்கிட்டும்மா."

"சரி" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. திரும்பி நடக்கும்போது அவள் முன்னால் போனாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் என்னைத் திட்டிக்கொண்டேன். அவளுக்கென்று ஓர் ஊர் இருந்தது, புகையோடும் விளக்கோடும். நான் வந்து அதை எடுத்துவிட்டு ஒரு சுவரைக் கொடுத்துவிட்டேன். பூகோளத்தில் முதல் மார்க்கு வாங்கியவளுக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியவில்லை.

மறுநாள் விடியும் முன்பே எழுந்து சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டேன். அம்மா அதைப் பார்த்தாள். பிரட்டுக்களத்தில் பனி. எல்லாரும் கம்பளிக்குள் நின்றார்கள். கங்காணி பேர்களைக் கூப்பிட்டு முடித்துவிட்டு, "என்னத்தா, மகளப் போட்டுருவமா?" என்றார். அம்மா, "வேணாம் கங்காணியாரே. அவ படிக்கப் போறா" என்றாள். அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. நேற்று நான் சொன்னதற்குக் கோபம் என்றுதான் நினைத்தேன். வரிசை கலைந்து காட்டுக்கு ஏறும்போது பின்னாலேயே ஓடிப்போய்ச் சேலையைப் பிடித்து, அதற்காகவா என்று கேட்டேன். அம்மா நின்றாள்.

"இம்புட்டு வருசமா அந்தப் போடியப் பாத்துத்தான் ஒம் பேரச் சொல்லிக் கும்பிட்டிருக்கேன். என்கூட எத்தன பேரு அங்க வந்து ஒக்காந்திருக்காளுக. ஒருத்தியாச்சும் அது தப்புன்னு சொன்னாளா? நீ வந்த, பாத்த, சொல்லிட்ட. இதுக்குத்தான ஒன்னய அனுப்புனது." பிறகு கூடையின் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு லேசாகச் சிரித்தாள். "போடிக்காரப் பிள்ளைக அம்புட்டும் நல்லாயிருக்கும் போ."

அப்போதுதான் நான் சிறுமலை விஷயத்தைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. குதிரைக்காரரையும், தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லி வந்த பதிலையும் சொன்னேன். அம்மாவின் கை கொழுந்தில் இருந்தது. கிள்ளாமல் அப்படியே நின்றது. நான் இறங்கும் நாளன்று ஒரு பொட்டலம் தேயிலைத் தூளைக் கொடுத்தாள். இதைச் சிறுமலையில் அந்த அம்மாவிடம் சேர்க்கச் சொல் என்றாள். இந்த முறை அவள் கொழுந்துக்குப் போகவில்லை. குரங்கணிப் பாதை இறங்கும் வளைவு வரை கூடவே வந்தாள். அதில் எனக்கு ஒன்றும் ஆறுதல் இல்லை என்பதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். முன்பு அவள் நிமிராமல் நின்றபோது கோபத்தில் நடந்துவிட்டேன். இப்போது திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

குதிரைக்காரருக்கு மீசை நரைத்துவிட்டது. பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார். அடுத்த முறை வந்தபோது, "குடிச்சாளா, நல்லா இருக்குன்னா. ஒங்கம்மா சொகமான்னு கேட்டா" என்றார். சுகம் என்று சொல்லச் சொன்னேன். பரீட்சையில் தேறிவிட்டேன். பயிற்சிப் பள்ளியிலிருந்து வரச்சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. நாளைக் காலை மதுரைக்குப் புறப்படுகிறேன். அங்கே விடுதியில் எனக்குத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. இந்த ஒரு மாதமும் சாயங்காலம் மாடியில் மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் அதிக நேரம். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா பாறையில் உட்கார்ந்து இதே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் இரண்டு பேரும் பார்ப்பது ஒரே மலையை.

ஆகவே அந்த ஒரு வாக்கியத்தை உனக்கு என்னால் எழுத முடியவில்லை. உன்னை அனுப்பமாட்டேன் என்று சத்தியம் செய்ய இப்போது எனக்கு வாய் வரவில்லை. அனுப்புவேன் என்று சொல்ல மனசும் வரவில்லை. அதை அன்றைக்கு இருக்கப்போகும் நான் பார்த்துக்கொள்ளட்டும். அவளுக்கு அம்மாவின் தைரியம் இருந்தால் அனுப்புவாள். ஆனால் ஒன்றை மட்டும் இந்தப் பதினாறு வயதிலேயே எழுதித் தருகிறேன். உன்னை எந்த ஊருக்கு அனுப்பினாலும் கூடவே வருவேன். அங்கே உயரமான ஓரிடத்துக்கு உன்னை ஏற்றிச் சென்று, நான் எந்தத் திசையில் இருப்பேன் என்று கையைப் பிடித்துக் காட்டிவிட்டுத்தான் திரும்புவேன். எத்தனை அவசரமாக இருந்தாலும், திரும்பிப் பார்க்காமல் 'ஆமா' என்று சொல்லமாட்டேன்.

இன்று மத்தியானம் படத்தை விரித்து, மதுரையிலும் தோட்டத்திலும் புள்ளி வைத்து, அடிக்கோலால் கோடு போட்டுப் பார்த்தேன். பிறகு அம்மாவுக்கு ஒரு கார்டு எழுதினேன். அப்பா படித்துக் காட்டுவார். இப்போதுதான் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து உனக்கு இதை முடிக்கிறேன். கார்டில் நலம் விசாரித்ததற்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: 'அம்மா, நாளையிலிருந்து நான் மதுரையில். இனிமேல் நீ பழையபடியே சமவெளியைப் பார்த்து உட்காரலாம். போடிப் புகை தெரிகிறதல்லவா, அதற்குக் கொஞ்சம் இடதுகைப் பக்கமாகப் பார். கண்ணுக்கு எட்டாது. ஆனால் நடுவில் மலை எதுவும் இல்லை.'